மூன்ஸ்டோனும் வெற்றிலை மையும்

போன மாதம் முழுக்க ஒரே புத்தகத்தோடுதான் படுத்து எழும்பினேன். வில்கி கொலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்', 1868இல் வந்த ஆங்கில மர்ம நாவல். தாளில் வாசிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோவிலிருந்து வந்த அத்தான், "எனக்கு வாசிக்க எங்க நேரம், நீயே வைச்சிரு" என்று விட்டுவிட்டுப் போன பழைய கிண்டில் என்ற மின்நூல் கருவியில் வாசித்தேன். விறாந்தையில் தொடங்கி, குசினியில் சோறு வேகும்வரைக்கும் கொஞ்சம், பிறகு இரவு நுளம்பு வலைக்குள்ளே மிச்சம். சோளகக் காற்று அடிக்கிற இரவுகளில் வேலியோரத் தென்னை சலசலத்துக்கொண்டிருக்க, களவு போன வைரத்தைத் தேடுகிற கதை வாசிப்பது ஒரு தனிச் சுகம்.

முதலில் அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். போன் திரையில் வாசிப்பது போல இல்லை இது. திரைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உறைகள், அவற்றுக்குள் கறுப்புத் துணிக்கைகளும் வெள்ளைத் துணிக்கைகளும் இருக்கின்றன. மின்சாரம் அவற்றை மேலும் கீழும் இழுத்து எழுத்தை உருவாக்குகிறது, உருவாக்கிய பிறகு அந்த எழுத்து நிற்பதற்கு மின்சாரமே தேவையில்லை. பக்கம் புரட்டும்போதும், இருட்டில் அதன் சின்ன வெளிச்சத்தைப் போட்டால் அதற்கும்தான் பற்றரி செலவாகும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற நாட்களில் இதன் அருமை எனக்குத் தெரிந்தது. போன் செத்துக் கிடந்தது, இது கிழமைக்கணக்கில் உயிரோடு இருந்தது. தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்த ஆள் நான். போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய், அதில் நனைந்த பஞ்சு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள் செருகிய திரி. அந்த வெளிச்சத்தில் எழுத்து ஆடும், கண் எரியும், "எண்ணெய் முடியப்போகுது, மூடி வை" என்று அம்மா கத்துவா. இருட்டில் யாரிடமும் ஏச்சு வாங்காமல் ஒரு கதையை முடிக்கலாம் என்பது என் வயதுக்காரருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

புத்தகத்துக்குக் காசும் கொடுக்கவில்லை. இணையத்தில் குட்டன்பேர்க் திட்டத்தில் காப்புரிமை முடிந்த நூல்கள் இலவசமாகக் கிடக்கின்றன, மூன்ஸ்டோன் அங்கே 155ஆம் இலக்கம். இறக்கி, கேபிள் போட்டு ஏற்றினால் சரி.

வாசிக்கத் தொடங்கின முதல் நாளே ஒரு வேலை செய்தேன். கீழே மூலையில் இத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டுமே, அதை மறைத்துவிட்டேன். மர்மக் கதையைத் தாளில் வாசிக்கும்போது வலது கைப் பக்கம் எவ்வளவு தடிப்பு மிச்சம் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். இன்னும் நூறு பக்கம் கிடக்குது, ஆகவே இவன் கள்ளன் இல்லை என்று விரலே தீர்ப்புச் சொல்லிவிடும். சதவீதத்தை மறைத்த கிண்டிலில் அந்த வசதி இல்லை. எந்த நேரம் எது உடையும் என்று தெரியாமல் வாசிக்கலாம். இந்தக் கதைக்கு அது இன்னும் பொருந்தும், ஏனென்றால் முதன்முதலில் வாசித்தவர்களும் தடிப்பான புத்தகமாக இதை வாசிக்கவில்லை. சாள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் த இயர் ரவுண்ட்' என்ற கிழமைப் பத்திரிகையில் 1868 ஜனவரி 4 முதல் ஓகஸ்ட் 8 வரை 32 வாரம் தொடர்கதையாக வந்தது இது. எங்கள் வீடுகளில் சஞ்சிகைத் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து பைண்ட் பண்ணி வைப்பார்களே, ஐயாவிடம் அப்படி ஒரு அலுமாரி நிறைய இருந்தது, 95 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு போய்விட்டது. கிழமைக்குக் கிழமை காத்திருந்து வாசிக்கிறவனை எப்படிப் பிடித்து வைத்திருப்பது என்று கொலின்ஸுக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரம் அவர் வாதநோயில் படுக்கையில், தாயாரோ நாட்டுப்புற வீட்டில் சாகக் கிடந்தார். ஒவ்வொரு கிழமையும் எழுதிக் கொடுக்கவேண்டிய பொறுப்பு மட்டும் இருந்திராவிட்டால் இன்னொரு புத்தகம் எழுத நான் உயிரோடு இருந்திருப்பேனா தெரியாது என்று பிறகு 1871ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். அதை முதலே வாசித்துவிட்டதால், கதையில் வலியைப் பற்றியும் அபினைப் பற்றியும் வருகிற பக்கங்களை வேகமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. வலிக்கு அபின் மருந்தைக் குடித்துக்கொண்டிருந்த மனிதன் எழுதியது அது.

கதை இதுதான். 1799 மே மாதம் சிறீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் கோட்டை விழுகிறது. அந்தக் கொள்ளையில் ஒரு ஆங்கிலேய அதிகாரி மஞ்சள் வைரம் ஒன்றை, காவல் நின்றவர்களைக் கொன்று எடுக்கிறான். குஜராத்துச் சோமநாதர் கோவில் விக்கிரகத்தின் நெற்றியில் இருந்த கல். (மூன்ஸ்டோன் என்றதும் எங்களுக்குத் தெற்கிலங்கையின் மீட்டியாகொடையில் கிண்டுகிற சந்திரகாந்தக் கல்தான் ஞாபகம் வரும், அது இல்லை.) பிறகு 1848இல், யோக்ஷயர் கடற்கரையோரத்துப் பெரிய வீடொன்றில், றேச்சல் என்ற பெண்ணின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அந்த வைரம் பரிசாக வந்து சேர்கிறது. அன்றிரவே காணாமல் போகிறது. அவ்வளவுதான். மிச்சம் முழுக்க யார் எடுத்தது, ஏன் எடுத்தது என்பது. முடிச்சை நான் அவிழ்க்கமாட்டேன், பயப்படாமல் வாசியுங்கள்.

"சிவன் சொத்து குலநாசம்" என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோவில் வளவில் விழுந்த மாங்காயை எடுத்தாலே அம்மம்மா அதைச் சொல்லித்தான் வெருட்டுவா. ஆகவே கதையின் தொடக்கத்திலேயே இந்தக் கல் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீடு உருப்படாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒன்று, கொலின்ஸ் அங்கே குழம்பியிருக்கிறார். சோமநாதரைச் சந்திரக் கடவுளாக்கி, விஷ்ணு கனவில் வந்து காவல் போட்டார் என்று எழுதுகிறார். சோமநாதர் சந்திரன் இல்லை, சந்திரனைச் சடையில் வைத்திருக்கிறவர், சந்திரன் போய்க் கும்பிட்டுச் சாபம் நீங்கிய தலம் அது. நல்லூரில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த இடத்தில் சுருக்கென்று குத்தத்தான் செய்யும். என்றாலும், களவெடுத்தது ஆங்கிலேயன், கல்லின் சொந்தக்காரர் வேறு ஆட்கள் என்று அந்தக் காலத்து ஆங்கில வாசகனுக்குத் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டினாரே, அதற்காக மற்றதையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன்.

கதையை ஒரே ஆள் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தான் கண்டதை மட்டும் எழுதித் தருகிறார்கள். முதலில் எழுதுகிறவர் பெற்றரேஜ், எழுபது தாண்டிய வேலைக்காரப் பெரியவர். மனக்கஷ்டம் வந்தால் 'றொபின்சன் குறூசோ'வை எடுத்து, விரித்த பக்கத்தில் என்ன வருகிறதோ அதைத் தனக்குச் சொன்ன வாக்காக எடுப்பார். இதை ஐயாவுக்குச் சொன்னேன். ஐயாவுக்கு எண்பது ஆகிறது, பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையின் சுருக்கத்தை வாசித்தவர். உடனே, "ஓ, அந்தக் கிழவன்! தேவாரத்துக்குக் கயிறு சாத்திப் பாக்கிறமாதிரியெல்லே" என்றார். எனக்குப் புல்லரித்துப்போனது. ஏட்டுக் கட்டுக்குள் கயிற்றைச் சாத்தி, வந்த ஏட்டில் உள்ள பதிகத்தில் விடை தேடுகிற எங்கள் பழக்கம் அப்படியே யோக்ஷயரில் ஒரு கிழவரின் கையில் இருக்கிறது.

ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. அதற்கு முன்னாலேயே, மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு சின்ன இடம் வருகிறது. வைரத்தைத் தேடி வந்த மூன்று இந்தியப் பிராமணர்கள் வித்தை காட்டுகிற ஆட்களாக வேடம் போட்டுக்கொண்டு ஊருக்குள் திரிகிறார்கள். அவர்களோடு ஒரு வெள்ளைக்காரப் பையன். அவனுடைய உள்ளங்கையில் கறுப்பு மையை ஊற்றி, அதைப் பார்க்கவைத்து, இன்ன ஆள் இந்த வழியால் வருகிறானா, அது அவனிடம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பையன் பார்த்து, ஓம் என்கிறான். பெற்றரேஜின் மகள் வேலிக்குப் பின்னால் நின்று இதைக் கண்டுவிட்டு ஓடிவருகிறாள்.

அந்த இடத்தில் கிண்டிலை மூடிவைத்துவிட்டு எழும்பி முற்றத்துக்குப் போனேன். ஏனென்றால் அந்தப் பையனின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன்.

1992, எனக்கு ஒன்பது வயது. தைப்பொங்கல் முடிந்த சில நாளில் பெரியம்மாவின் நாலு பவுண் சங்கிலி காணாமல் போனது. கூட்டு வீடு, ஐயா, பெரியப்பா, நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வளவில். வீடெல்லாம் தேடினார்கள், கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் யாரோ சொல்லி, மை போட்டுப் பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் வெற்றிலையில் மையைத் தடவி, சின்னப் பிள்ளை ஒன்று வேணும் என்றார். என்னை இருத்தினார்கள். ஐயா பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். மை மினுங்கியது, அதில் விளக்கின் சுடர் ஆடியது, வேறு ஒன்றுமே எனக்குத் தெரியவில்லை. "அனுமார் வாறாரோ பார்" என்றார் அவர். எல்லாரும் என்னையே பார்த்தபடி நின்றார்கள். நான் ஓம் என்றேன். "ஒரு ஆள் தெரியுதோ?" ஓம். "பொம்பிளையோ?" ஓம். "பின்னல் போட்டிருக்கோ?" பெரியம்மா கேட்டது அது. நான் ஓம் என்றேன்.

எங்கள் வீட்டில் அப்போது பின்னல் போட்ட ஒரே ஆள், சமையலுக்கும் மாவிடிக்கவும் வந்துகொண்டிருந்த அக்கா. பத்தொன்பது வயதிருக்கும், எனக்குத் தலை இழுத்துவிடுகிறவ. பெயரை எழுதவில்லை. அவவின் சீலைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ஒருவரும் அவவுக்கு அடிக்கவில்லை, ஏசக்கூட இல்லை, "நாளையிலேயிருந்து வரவேண்டாம்" என்று மட்டும் சொன்னார்கள். அவ படலையடியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனா. ஆவணியில் தண்ணீர் வற்றிய நேரம் கிணறு இறைத்துச் சேறு அள்ளினார்கள். சேற்று வாளிக்குள் சங்கிலி கிடந்தது, கொளுக்கி கழன்றபடி. விடியக் குளிக்கும்போது விழுந்திருக்கவேண்டும். பெரியப்பா அரிசியும் ஒரு சேலையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனார். கொண்டுபோனது அப்படியே திரும்பிவந்தது. பிறகு இடப்பெயர்வு. அவ எங்கே என்று எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் நாவலை வேறு மாதிரித்தான் வாசிக்க முடிந்தது. யாரைச் சந்தேகிக்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். வைரம் போன உடனே மூன்று இந்தியர்களையும் பிடித்து ஒரு கிழமை உள்ளே போடுகிறார்கள், அன்றிரவு அதை எடுத்தது அவர்கள் இல்லை என்று தெரிந்த பிறகும் விடுவதில்லை. உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரி வந்து வேலைக்காரர்களை அதட்டுகிறார். றொசன்னா என்ற வேலைக்காரப் பெண், முன்பு களவுக்காகச் சிறை போய்த் திருந்தி வந்தவள், ஒரு தோள் பெருத்தவள், எல்லார் கண்ணும் அவள்மேல். பிறகு லண்டனில் இருந்து சார்ஜன்ற் கஃப் வருகிறார். ரோசாச் செடிப் பைத்தியம் பிடித்த, மெலிந்த, கிழப் பொலிஸ்காரர். கதவில் காயாத வர்ணத்தில் ஒரு சின்ன உரசல், அது அற்ப விஷயம் என்று உள்ளூர் அதிகாரி சொல்ல, அற்ப விஷயம் என்று ஒன்றை என் தொழிலில் இதுவரை நான் சந்தித்ததே இல்லை என்கிறார். வர்ணம் பட்ட உடுப்பைத் தேடவேண்டும், அதற்கு அவர் கேட்பதுதான் எனக்குப் பிடித்தது. வேலைக்காரர்களின் பெட்டியை மட்டும் கிண்டாதே, வீட்டு எசமானியம்மா முதற்கொண்டு எல்லாருடைய அலுமாரியையும் திறப்போம் என்கிறார். எசமானியம்மாவும் சம்மதிக்கிறா. எங்கள் வீட்டில் அன்றைக்கு நாலு அலுமாரி இருந்தன. பெரியம்மாவின் அலுமாரி, அம்மாவின் அலுமாரி. ஒன்றையும் யாரும் திறக்கவில்லை. சீலைப்பை மட்டும்தான் கொட்டுப்பட்டது.

கஃப் வெறும் கற்பனை ஆள் இல்லை. 1860இல் இங்கிலாந்தில் றோட் என்ற கிராமத்துப் பெரிய வீடொன்றில் நாலு வயதுகூட ஆகாத குழந்தை கொலை செய்யப்பட்டது. முதலில் பிடித்தது பிள்ளை பார்க்கிற பணிப்பெண்ணைத்தான். ஸ்கொட்லன்ட் யார்டில் இருந்து வந்த ஜொனதன் விச்சர், காணாமல் போன ஒரு இரவு உடுப்பை வைத்து, அந்த வீட்டு மகள் கொன்ஸ்ரன்ஸ் மேலே சந்தேகப்பட்டார். நல்ல குடும்பத்துப் பிள்ளையைக் குற்றவாளி என்கிறானே என்று ஊரே அவர்மேல் பாய்ந்தது, அவருடைய பெயர் கெட்டது. ஐந்து வருடம் கழித்து, 1865இல், அந்த மகளே தான் செய்ததாக ஒப்புக்கொண்டாள். கொலின்ஸ் இந்த வழக்கில் இருந்துதான் இரவு உடுப்பையும் துப்பறிகிற ஆளையும் எடுத்திருக்கிறார். ஆனால் அவர் சேர்த்தது பெரியது என்று நினைக்கிறேன். சந்தேகத்துக்கு ஆளான வேலைக்காரிக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதக் கொடுக்கிறார். றொசன்னாவின் கடிதம் ஒரு அத்தியாயத்தைத் தாண்டியும் போகிறது. எனக்கும் மனம் இருந்தது, என்னை நீங்கள் ஒரு தரமாவது நிமிர்ந்து பார்த்தீர்களா என்று வரி வரியாகக் கேட்கிறாள். அதை ஒரே இரவில் வாசித்தேன், இரண்டு மணி தாண்டிவிட்டது. எங்கள் அக்கா கடிதம் எழுதவில்லை. அவவுக்கு எழுத வாசிக்கத் தெரியுமா என்றுகூட நாங்கள் கேட்டதில்லை.

எஸ்றா ஜெனிங்ஸ் என்று இன்னொருவர் பின்னால் வருகிறார், வைத்தியரின் உதவியாளர், ஒரு பழியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக ஓடியவர். அவரைப் பற்றி எழுதினால் முடிச்சு அவிழ்ந்துவிடும், ஆகவே விடுகிறேன். இந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த மனிதர் அவர்தான் என்று மட்டும் சொல்லலாம்.

மையைப் பற்றிச் சொல்ல வந்தேன். இந்தியாவெல்லாம் சுற்றிய மேர்த்வெய்ற் என்ற பயணி கதையில் வருகிறார். நடுப்பகுதியில், றொசன்னாவின் கடிதத்துக்குக் கொஞ்சம் முன்னால், வழக்கறிஞர் ஒருவர் அவரிடம் அந்தப் பையனையும் மையையும் பற்றிக் கேட்கிறார். மேர்த்வெய்ற் அமைதியாகப் பதில் சொல்கிறார். தன்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவனுடைய மனத்தில் ஏற்கெனவே இருந்ததைத்தான் பையன் திருப்பிச் சொல்லியிருக்கிறான், நான் சோதித்துப் பார்த்த எந்த இடத்திலும் இது அதற்கு மேலே போனதில்லை என்று. கிட்டத்தட்ட இந்த அர்த்தம்தான். அந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. முப்பது வருடத்துக்கு மேலாக நான் பொய் சொன்னேன் என்றுதான் எனக்குள் இருந்தது. பின்னல் என்ற சொல் என் வாயில் இருந்து வரவில்லை, அது பெரியம்மாவின் வாயில் இருந்து வந்தது என்பதை அந்த இரவுதான் நான் சரியாக ஞாபகப்படுத்திப் பார்த்தேன். அதற்காக என் ஓம் இல்லாமல் போய்விடாது. ஆனால் அதைச் சுற்றி எத்தனை பேர் நின்றோம் என்பது இப்போது தெரிகிறது. வரியின்மேல் விரலை வைத்து இழுத்தேன், கீழே கோடு விழுந்தது.

இப்போது கிண்டில் ஐயாவிடம் இருக்கிறது. ஒரு கண்ணில் புரை வெட்டி, மற்றக் கண் மங்கல், பத்திரிகைத் தலைப்புகளுக்கு அப்பால் அவர் வாசித்து இரண்டு வருடம் இருக்கும். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன், ஒரு திரையில் பத்து வரிகூட வராது. சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு நிமிடத்துக்கு இரண்டு தரம் விரலால் தட்டுகிறார். சதவீதத்தை மறைக்க வேண்டாமாம், "எவ்வளவு தூரம் வந்திட்டன் எண்டு எனக்குத் தெரியவேணும்" என்கிறார், ஆகவே திரும்பக் காட்டவைத்தேன். மையில் பார்க்கிற அந்தப் பையன் வருகிற இடத்தைத் தாண்டிவிட்டார். அன்றைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது கிண்டில் மடியில் கிடந்தது, அவர் கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்று காலை 38 சதவீதம். மேர்த்வெய்ற் வர இன்னும் ஒரு கிழமையாவது ஆகும். அந்த வரிக்குக் கீழே நான் போட்ட கோட்டை அழிக்கவில்லை.